பூட்டியின் மடிக்கு ஒரு முதல் பயணம்

முருங்கனைத் தாண்டியதும் ரயிலுக்குள் காற்று மாறிவிடும். வயல் ஈரத்தின் வாசனை போய் உப்பு வாசனை வரும். கொழும்புக் கோட்டையில் இரவு ஏறியவர்களில் பாதிப்பேர் அப்போதும் தூக்கத்தில் இருப்பார்கள். கைக்குழந்தையோடு வரும் தாய் மட்டும் விழித்திருப்பாள். பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, பம்பஸ் மாற்றி, மறுபடி தூங்கவைத்து என்று அவளுக்கு இரவு கழிந்திருக்கும். திருக்கேதீச்சரம் நிலையம் போனால் இரண்டு பக்கமும் கடல்நீர். தாம்போதியை ஒட்டி ஓடும் அந்தத் தண்டவாளத்தைக் கடந்தால் மன்னார்த் தீவு.

நிலையத்தில் குழந்தைக்காக ஒரு பட்டாளமே காத்திருக்கும். அம்மம்மா, அப்பப்பா, இரண்டு மாமிமார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நாலைந்து பேர், வாசலில் ஓட்டோவோடு சித்தப்பா. பெட்டியிலிருந்து தாய் கால் வைப்பதற்குள் கைகள் நீளும். "இங்க தாங்க பிள்ளைய" என்று ஒரு குரல். "அப்பிடியே அப்பான்ர மூக்கு" என்று இன்னொன்று. வீட்டில் கட்டிலில் சாய்ந்திருக்கும் பூட்டியின் மடியில் பிள்ளையை வைக்கும்வரை இந்தப் பயணம் முடிந்ததாக யாரும் எண்ணமாட்டார்கள்.

குழந்தையை முதன்முதலாக ஊருக்குக் கூட்டிப்போவது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். மன்னாரில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் கனம் உண்டு. இந்தத் தீவின் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகச் சிதறிக் கிடக்கின்றன. கொழும்பு, புத்தளம், யாழ்ப்பாணம், மண்டபம், சென்னை, லண்டன், பாரிஸ், டொரொன்டோ என்று பிரிந்தவர்கள் ஒரு பிள்ளையைச் சாட்டாக வைத்துத்தான் ஒரே முற்றத்தில் கூடுகிறார்கள். அந்தக் கூடலின் நடுவே இருப்பது ஐந்து, ஆறு கிலோ எடையுள்ள ஓர் உயிர். பசி, தூக்கம், பயம் மூன்றையும் சொல்ல அதற்கு அழுகையைத் தவிர வேறு மொழி கிடையாது. ஆகவே அதன் நேரத்துக்கு ஊர் இசைய வேண்டும். ஊரின் நேரத்துக்குப் பிள்ளையை இசையவைக்கப் பார்த்தால் எல்லோருக்கும் பாடுதான்.

அறுந்த வழிகள், மீண்ட வழிகள்

ஒரு காலத்தில் மன்னாருக்கு உறவு வரும் திசை மேற்காக இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று ஒரே பயணச்சீட்டில் போக முடிந்தது. 'போட் மெயில்' என்று இரண்டு கரையிலும் அழைக்கப்பட்ட அந்த வழியில் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போனவர்களும் பிள்ளையோடு திரும்பியவர்களும் ஏராளம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் 1980களின் நடுப்பகுதிக்குள் போரால் நின்றுபோயிற்று. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல், கடக்க முடியாத தூரமாகிவிட்டது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் வீடிழந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் பிறக்க வேண்டிய பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தார்கள். போர் முடிந்து 2009க்குப் பிறகு சிலர் திரும்பினார்கள். பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். அதனால் இன்று உம்மம்மா எருக்கலம்பிட்டியிலும் பேரப்பிள்ளை புத்தளத்திலும் இருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே ஒரு பிள்ளையின் முதல் பயணம் என்பது, அதன் பாட்டனார் விட்டுவந்த வாசலைப் போய் மிதிப்பது.

கடலைக் கடந்த எல்லாப் பயணமும் விருந்துக்கான பயணமாக இருக்கவில்லை. போர்க்காலம் முழுக்கப் பேசாலை, தலைமன்னார்க் கரைகளிலிருந்து தாய்மார் பிள்ளைகளைச் சேலையில் சுற்றிக்கொண்டு இராமேஸ்வரம் பக்கம் போனார்கள். பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 மார்ச்சிலும் அது நடந்தது. தனுஷ்கோடிக்கு அருகே ஒரு மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டுத் தவித்தவர்களை இந்தியக் கடலோரக் காவல்படை மீட்டபோது, அவர்களில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. ஒரு பிள்ளையின் முதல் பயணம் அப்படி அமையக் கூடாது என்று அந்த மீட்பின் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தோன்றியிருக்கும்.

வழிகள் ஒவ்வொன்றாக மீண்டிருக்கின்றன. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியே வருவதற்கு வசதியான சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் வந்தது. போரில் பெயர்ந்துபோன தலைமன்னார் ரயில்பாதையை இந்திய நிறுவனமான இர்கொன் மீண்டும் போட, 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் ஓடியது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே 2019இல் விமானம் பறக்கத் தொடங்கியது. நாகப்பட்டினம், காங்கேசன்துறை கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மறுபடி ஓடியது. ரயில்பாதைத் திருத்தம், வெள்ளம், பருவக்காற்று காரணமாக இந்தச் சேவைகளில் எதுவும் திடீரென்று நிற்கக்கூடும். தனியாகப் போகிறவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் புறப்படுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

எந்த மாதத்தில் போகலாம்?

பழைய ஆட்கள் இதற்குக் கணக்கு வைத்திருந்தார்கள். சைவக் குடும்பங்களில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை பிள்ளை வாசல் தாண்டாது. முஸ்லிம் வீடுகளில் நாற்பது. கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தை ஒட்டியே பெரிய பயணம். தொற்று எளிதில் பற்றும் முதல் வாரங்களில் பிள்ளையையும் தாயையும் கூட்டத்திலிருந்து தள்ளிவைக்க இந்த வழக்கங்கள் உதவின. இன்றைய வைத்தியமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

இலங்கையில் பிறக்கும் பிள்ளைக்கு பி.சி.ஜி. தடுப்பூசி பிறந்தவுடனே போடப்படுகிறது. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவலன்ட் ஊசி 2, 4, 6ஆம் மாதங்களில். தட்டம்மையைத் தடுக்கும் எம்.எம்.ஆர். 9ஆம் மாதத்தில். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி 12ஆம் மாதத்தில். இரண்டாம் மாத ஊசி போட்டு, காய்ச்சல் எதுவும் இல்லாமல் சில நாள் கழிந்தபின் புறப்படுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நிம்மதி. தட்டம்மை 2023இல் நாட்டில் மறுபடி தலைகாட்டி, 2024 தொடக்கத்தில் சில மாவட்டங்களில் 6 மாதம் கடந்த பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போடவேண்டி வந்தது. 9 மாதம் ஆகாத பிள்ளையைப் பெருங்கூட்டத்துக்குள் கொண்டுபோகுமுன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் ஊசி அட்டவணை வேறு. ஒரு வயதுக்கு முன் வருகிற பிள்ளைக்குத் தட்டம்மை ஊசியை முற்படுத்திப் போடலாமா என்று அங்குள்ள வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. பயண நாளுக்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டால்தான் போடுவதற்கு நேரம் இருக்கும்.

மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் இந்தப் பயணத்துக்கு மிக எளிது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டு மூட்டை வேண்டாம், போத்தல் அவிக்க வேண்டாம். வீட்டைவிட்டு எத்தனை கிலோமீற்றர் போனாலும் அதன் உணவு கூடவே வருகிறது. ஆறு மாதம் தாண்டினால் சோறும் பருப்பும் மசித்துக் கொடுக்க இடமும் சுத்தமும் வேண்டும். எட்டு, ஒன்பது மாதத்தில் தவழும் பிள்ளை ரயில் பெட்டியில் ஒரு நிமிடம் அடங்காது.

மன்னாரின் காலநிலையும் கணக்கில் வரவேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று வீசி வீசி மண்ணை வாரித் தூற்றும். தீவின் தென்கரையில் 'தம்பபவனி' என்ற பெயரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 30 காற்றாலைகளும் இந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மழை ஓய்ந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் வெயில் தணிந்தவை. பிள்ளையோடு வருவதற்கு அதைவிட இதமான காலம் மன்னாரில் இல்லை.

வழியில்

கொழும்பிலிருந்து மன்னார் 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில் வந்தால் பிள்ளை வழக்கமாகத் தூங்கும் நேரமே பயண நேரமாகிவிடும் என்பது அதன் பெரிய வசதி. ஜன்னல் ஓரத்தில் தாய் இருந்தால் மறைவாகப் பால் கொடுக்கலாம். ஆனால் மதவாச்சி தாண்டியபின் வீசும் காற்று பிள்ளையின் முகத்தில் நேரே அடிக்கும். ஜன்னலைப் பாதி இறக்கி, ஒரு மெல்லிய பருத்தித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டால் போதும். கம்பளித் தொப்பி, காலுறை, இரண்டு சட்டை என்று சுற்றி வைப்பது நம்மவர் வழக்கம். இந்தச் சூட்டில் அது பிள்ளையை வேகவைத்துவிடும். பிள்ளையின் முதுகில் கை வைத்துப் பார்த்தால் வியர்வை தெரியும். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும்.

வாகனத்தில் வருகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிள்ளையை எடுத்து நிமிர்த்தி, பால் கொடுத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. முன்சீற்றில் தகப்பனின் மடியிலோ தாயின் மடியிலோ பிள்ளையை வைத்துக்கொண்டு வருவது எங்கும் காணும் காட்சி. திடீரென்று பிறேக் போட்டால் எந்தக் கையாலும் அந்தப் பிள்ளையைத் தாங்க முடியாது. பிரித்தானியாவில் 12 வயதாகும் வரை அல்லது 135 சென்றிமீற்றர் உயரம் வரும்வரை பிள்ளைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். அங்கே அதை ஒருநாளும் மீறாத பெற்றோர், கட்டுநாயக்காவில் இறங்கியதும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரவோடு இரவாக ஏழு மணி நேரம் வருகிறார்கள். வீதி மாறினாலும் விபத்தின் வேகம் மாறாது. இருக்கையைக் கையோடு கொண்டுவர வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதைக் கட்டணமின்றி ஏற்றுகின்றன. முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளை வீறிட்டு அழுவதற்குக் காது அடைப்பே காரணம். அந்த நேரத்தில் பால் குடிக்கக் கொடுத்தால் விழுங்கும்போது அடைப்பு விடும். இறங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும் என்பதால், அப்போதே பால் கொடுக்கத் தொடங்க வேண்டும்; அதற்கு முன்பே கொடுத்துப் பிள்ளையைத் தூங்கவைத்துவிடக் கூடாது.

பையில் மேலாக இருக்கவேண்டியது ஒரு சிறு புத்தகம். பிள்ளை பிறந்ததும் கொடுக்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு அது. எடை, ஊசி, ஒவ்வாமை எல்லாம் அதில் இருக்கும். மன்னாரில் எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். பயண நாட்களுக்குள் ஊசி நாள் வந்தால், அந்தப் புத்தகத்தோடு ஊரிலுள்ள கிளினிக்குக்குப் போய்க் கேட்கலாம்.

வாசலில் காத்திருக்கும் கைகள்

வீடு வந்ததும்தான் உண்மையான சோதனை. மூன்று மாதப் பிள்ளை யார் தூக்கினாலும் சிரிக்கும். எட்டு மாதப் பிள்ளை அம்மம்மாவின் கைக்குப் போனதும் கதறி அழும். "என்னைத் தெரியேல்ல பிள்ளைக்கு" என்று அம்மம்மாவின் முகம் வாடிப்போகும். சுற்றியிருப்பவர்கள் சமாதானம் சொல்வார்கள். தாய் குற்ற உணர்வில் குறுகுவாள்.

இதில் யாருக்கும் குறை இல்லை. ஏறத்தாழ எட்டாம் மாதத்தில், தன்னை வளர்க்கும் முகத்தையும் மற்ற முகங்களையும் பிள்ளை பிரித்தறியத் தொடங்குகிறது. தாயைத் தாய் என்று உறுதியாக அறிந்துகொண்டதன் அடையாளம்தான் அந்த அழுகை. மூளை சரியாக வளர்கிறது என்று அதற்குப் பொருள். நாளும் கைபேசியில் முகம் காட்டிப் பேசிய அம்மம்மாவாக இருந்தாலும், அந்தச் சின்னத் திரையில் பார்த்த முகமும் மூக்குத்தியோடு கிட்டே வரும் முகமும் பிள்ளைக்கு ஒன்றல்ல.

இதற்கு வழி எளிது. தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அம்மம்மா பக்கத்தில் இருந்து தாயோடு பேச வேண்டும். பிள்ளையை நேரே உற்றுப் பார்க்கவோ பறித்தெடுக்கவோ கூடாது. கையில் ஒரு கரண்டியோ பனையோலைக் கிலுக்கோ இருந்தால் பிள்ளையே சற்று நேரத்தில் கை நீட்டும். முதல்நாள் மாலை கிட்டே வராத பிள்ளை, இரண்டாம் நாள் காலையில் அதே அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும்.

முத்தம் வேறு விஷயம். இருமல், தடிமன், வாய்ப்புண் உள்ளவர்கள் பிள்ளையை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சக் கூடாது. பெரியவர்களின் உதட்டில் வரும் சிறு கொப்புளம், பிறந்து சில வாரங்களே ஆன பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகக்கூடும். கிணற்றடியிலோ குழாயடியிலோ சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பிள்ளையின் பாதத்தில் கொஞ்சலாம். மீன் வாடியிலிருந்தோ வயலிலிருந்தோ வந்த மாமாவுக்கு இதைத் தாய் சொல்வது கடினம். வீட்டில் மூத்தவர் ஒருவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். "கை கழுவிப்போட்டு வாங்க" என்ற சொல் அப்பப்பாவின் வாயிலிருந்து வந்தால் மருமகளுக்குப் பாதிப் பாரம் குறையும்.

நாக்கில் தொட்டுவைக்கும் பொருட்களும் அப்படித்தான். சீனித் தண்ணீர், சர்க்கரை, தேன், கோரோசனை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம் இருக்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இலங்கைக் கிளினிக்குகளில் சொல்லிக்கொடுப்பதும் அதுவே. ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பெரியவர்களின் வயிற்றில் அடங்கிவிடும். கைக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். கடையில் வாங்கும் சில கண்மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. கண்ணேறு கழிக்க வேண்டுமானால் பொட்டை உள்ளங்காலில் வைத்துவிடலாம். பிள்ளை குளித்ததும் முகத்தருகே சாம்பிராணிப் புகை பிடிப்பதும் பவுடரைக் கொட்டுவதும் மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

இதையெல்லாம் பட்டியலாக வைத்து மாமியாரிடம் வாசிக்க எந்த மருமகளாலும் முடியாது. அதனால் புறப்படுமுன்பே கணவன் தன் தாயிடமும் மனைவி தன் தாயிடமும் பேசி வைப்பது நல்லது. அவரவர் தாயிடம் அவரவர் சொல்லும்போது அது அறிவுரையாகக் கேட்காது.

ஏணை, கிணறு, நுளம்பு

தூங்க இடம் மாறினால் பிள்ளை தவிக்கும். வீட்டில் போர்த்தும் துணியையும் தாயின் பழைய சேலையையும் துவைக்காமல் அப்படியே கொண்டுவந்தால், அந்த வாசனையில் பிள்ளை அடங்கும். ஊரில் எப்படியும் வளையில் ஏணை கட்டி வைத்திருப்பார்கள். ஆட்டித் தூங்கவைக்க அது நல்லதுதான். ஆனால் கழுத்து நிற்காத பிள்ளையை அதில் இரவு முழுக்க விடக் கூடாது. துணி வளைந்து, நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைப்படும். தூங்கியதும் எடுத்துத் தட்டையான உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். தலையணையும் வேண்டாம்.

மேலே நுளம்பு வலை கட்டாயம். மன்னாரில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கொண்டுபோன நோயை ஒழித்தது பெரிய சாதனை. அதே ஆண்டு முடிவதற்குள், அதுவரை நாட்டில் காணப்படாத 'அனோபிலிஸ் ஸ்டெபன்சி' என்ற நுளம்பு மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. குளம், வாய்க்காலைத் தேடிப் போகாமல் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலுமே முட்டையிடும். மலேரியாத் தடுப்பு இயக்கத்தினர் தீவின் கிணறுகளில் புழு தின்னும் மீன்களை விட்டதும், தொட்டிகளை மூடச் சொன்னதும் இதனால்தான். நோய் இன்று இங்கே இல்லை, நுளம்பு இருக்கிறது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். ஆகவே பிள்ளை பகலில் தூங்கும்போதும் வலை வேண்டும்.

தீவின் சில பகுதிகளில் கிணற்றுநீர் உவர். குளிப்பாட்ட அது போதும். பால்மா கரைக்கவோ சோறு மசிக்கவோ நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் வீட்டில் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நேரே வைத்தியசாலை. வயிற்றோட்டம் என்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல், வைத்தியர் சொல்லும் அளவில் ஜீவனிக் கரைசல். மாவட்டப் பொது வைத்தியசாலை மன்னார் நகரில் இருக்கிறது. தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து அங்கே வர ஏறத்தாழ 30 கிலோமீற்றர். நள்ளிரவில் வாகனம் தேடி அலைய வேண்டாம். 2018 முதல் வடமாகாணத்திலும் ஓடும் இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990. அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

தாய்க்கும் இது தாய்வீட்டுப் பயணம்

இவ்வளவு கவலைக்கு நடுவே ஒன்றை மறந்துவிடக் கூடாது. நகரத்து மாடிவீட்டில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு, மாதக்கணக்கில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: இன்னொரு சோடிக் கை. அம்மம்மா குளிப்பாட்டுவாள், சின்னம்மா துணி துவைப்பாள், மாமி ஏணை ஆட்டுவாள். கடலோரச் சமையலறையில் அவளுக்கென்று பால்சுறா புட்டாகும்; முருங்கையிலை வறை வரும்; உள்ளியும் மிளகும் இடித்த பத்தியக் கறி கொதிக்கும். பால் ஊறுவதற்கு என்று ஊர்ப் பெண்கள் சொல்லிவரும் இந்தச் சாப்பாட்டில் புரதமும் இரும்பும் நிறைய. அதைவிடவும் அவளுக்கு வேண்டியது இரண்டு மணி நேரத் தூக்கம். விருந்தாளி வந்தாலும் அவளை எழுப்பாத வீடுதான் அவளுக்குத் தாய்வீடு.

பிள்ளைக்கு ஊர் காட்டல்

மன்னாருக்கு வந்த பிள்ளையைக் கூட்டிப்போக இடங்கள் நிறைய. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தடியில் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஏறத்தாழ 20 மீற்றர் சுற்றளவுள்ள அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். வீதியோரம் நிற்கும் கழுதைகள்தான் பிள்ளை வாழ்க்கையில் முதலில் பார்க்கும் பெரிய மிருகமாக இருக்கும். தூரத்தில் நின்று காட்டலாம். வங்காலையின் நீர்ப்பரப்பு 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பருவத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். எல்லாவற்றுக்கும் நேரம் காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பின். நடுப்பகல் வெயிலில் ஆறு மாதப் பிள்ளைக்கு இங்கே வேலை இல்லை. கடற்கரையில் ஈர மணலில் கால் வைத்துக் காட்டினால் போதும். அலைக்குள் இறக்க வேண்டாம்.

நேர்த்தி இருந்தால் மடு மாதா திருத்தலம். இலங்கையில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாவட்டம் மன்னார். ஒல்லாந்தருக்குத் தப்பி 17ஆம் நூற்றாண்டில் மாந்தையிலிருந்து கொண்டுபோகப்பட்ட மாதாவின் சொரூபம்தான் அந்தக் காட்டுக்குள் இருக்கிறது என்பது வரலாறு. 2008இல் போர் நெருங்கியபோது அது மறுபடியும் இடம்பெயர்ந்து, சில மாதங்களில் திரும்பியது. பிள்ளையை மாதாவின் முன் கிடத்தி ஒப்புக்கொடுப்பதற்காகவே கடல் கடந்து வருகிறவர்கள் உண்டு. சைவக் குடும்பங்களும் அவர்களில் இருப்பார்கள். ஓகஸ்ட் 15 பெருவிழாவில் இலட்சக்கணக்கானோர் கூடுவார்கள். புழுதியும் நெரிசலும் கைக்குழந்தைக்கு ஒவ்வாது. விழா முடிந்த ஒரு சாதாரண வாரநாளில் போனால் மரநிழலில் அமைதியாக இருந்து வரலாம். திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்கும் இதே கணக்கு. சிவராத்திரிக் கூட்டத்தைத் தவிர்த்து வேறொரு நாள் பாலாவித் தீர்த்தக் கரைக்குப் போகலாம்.

பல் முளைத்திருந்தால் ஊரிலேயே பல்லுக் கொழுக்கட்டை வைத்துவிடுவார்கள். வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையை இருத்தி, தலைக்கு மேலே சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளைச் சொரிந்து, முன்னால் புத்தகம், பேனா, நகை என்று பரப்பி, பிள்ளை எதை எடுக்கிறது என்று எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற சடங்கு. பிள்ளை தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு தொடங்கினால் அது சிரித்துக்கொண்டே கொழுக்கட்டையைக் கையில் எடுக்கும். நல்ல நேரம் பார்த்துத் தூக்கத்தில் எழுப்பினால் அழுகை மட்டுமே படத்தில் விழும்.

பத்து நாள் விடுமுறைக்கு வருகிறவர்கள் பத்து வீட்டுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் இந்தப் பயணத்தில் நடக்கும் பெரிய பிழை. பேசாலையில் பெரியப்பா, தாழ்வுபாட்டில் மாமி, அரிப்பில் சித்தப்பா என்று ஒரே நாளில் மூன்று வாசல் ஏறினால் இரவு பிள்ளை தூங்காது. பூட்டியின் வீட்டில் பிள்ளை இருக்கட்டும். மற்றவர்கள் அங்கே வரட்டும். நடக்க முடியாத முதியவர் இருக்கும் வீட்டுக்கு மட்டும் பிள்ளையைக் கொண்டுபோனால் போதும்.

மன்னாரில் இருக்கும் அம்மம்மாமாருக்கும் அப்பப்பாமாருக்கும் மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் உங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை முதல்முறையாக வருகிறதென்றால், கிணற்றடியில் ஒரு புதுச் சவர்க்காரம் வையுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். ஓர் அறையில் நுளம்பு வலை கட்டி, அங்கே தாயையும் பிள்ளையையும் முதல் நாள் முழுக்கத் தூங்கவிடுங்கள். அடுத்த நாள் காலை பிள்ளை விழித்ததும் பூட்டியின் மடியில் கொண்டுபோய் வையுங்கள்.